நாவலூரின் தண்ணீர் எங்கே தங்கும்?

ராஜீவ் காந்தி சாலையில் தெற்கே போகிறவர்களுக்குச் செம்மஞ்சேரியோடு சென்னை மாநகராட்சியின் எல்லை முடிகிறது. அடுத்தது நாவலூர். செங்கல்பட்டு மாவட்டத்தில் திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர் அது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கு அப்பால் மணல்மேடும் வங்கக் கடலும். மேற்கே தாழம்பூர், சிறுசேரி ஏரிகள். அவற்றையும் தாண்டிப் போனால் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் குன்றுகள். ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவற்றின் வாசலில் அதிகாலையிலேயே தண்ணீர் லாரிகள் வந்துவிடுகின்றன.

சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு ஏக்கர் நிலத்தில் இந்த மழை முழுவதையும் பிடித்து வைத்தால் ஏறக்குறைய 56 லட்சம் லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் அது 470 நடை. இவ்வளவு மழை பெறும் ஊர் லாரியை நம்பி வாழ்வதற்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்வது எளிது. ஆட்சியாளர்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் அது வசதியான பதிலும்கூட. உண்மை அவ்வளவு நேரானதல்ல. காலநிலை மாற்றம் மழையின் போக்கை மாற்றி வருவது உண்மை. ஆனால் அந்த மாற்றம் வெள்ளமாக முடிகிறதா, வறட்சியாக முடிகிறதா, நிறைந்த கிணறாக முடிகிறதா என்பதை அந்த மழை விழுகிற நிலம்தான் தீர்மானிக்கிறது.

முதலில் மழை. தமிழகத்தின் கடலோரம் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு நிலைகளும் புயல்களும்தான் இங்கே ஏரிகளை நிரப்புகின்றன. நான்கைந்து மழைச் சுற்றுகளில் ஆண்டின் பெரும்பகுதி நீர் வந்துவிடும். ஒரு சுற்று தவறினால் பற்றாக்குறை, ஒன்று கூடினால் வெள்ளம். 2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 53 விழுக்காடு அதிகம். அடுத்த ஆண்டே, 2016-இல், 62 விழுக்காடு குறைவு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகளில் அவ்வளவு மோசமான பருவம் அதற்கு முன் இல்லை. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. வெள்ள நிவாரணப் பேச்சு ஓய்வதற்குள் வறட்சி நிவாரணப் பேச்சு தொடங்கிவிட்டது.

2015 டிசம்பர் 2 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றில் மூழ்கின. அதற்கு மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற சென்னையின் நான்கு குடிநீர் ஏரிகளும் ஏறக்குறைய முழுதாக வறண்டன. ராஜீவ் காந்தி சாலையில் இருந்த சில தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதற்கு அப்போது காரணம் தண்ணீர். பெருந்தொற்று வருவதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது அது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

இந்த ஊசலாட்டத்தில் புவி வெப்பமாதலின் பங்கு எவ்வளவு? இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட காலநிலை மதிப்பீட்டின்படி, 1951-இலிருந்து 2015-க்குள் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் தங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். எனவே மேகம் பெய்யும்போது கூடுதலாகப் பெய்ய வழியுண்டு. பெய்யாத நாட்களில் ஏரியிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீர் கூடுதலாக ஆவியாகும். கனமழையும் நீண்ட வறட்சியும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்று காலநிலை அறிவியல் சொல்வது இதைத்தான்.

ஆனால் ஒவ்வொரு வெள்ளத்தையும் இந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது. 2015 சென்னை மழையை ஒரு பன்னாட்டு அறிவியலாளர் குழு ஆராய்ந்தது. நெதர்லாந்தின் வானிலை அறிஞர் கெயர்ட் யான் வான் ஓல்டன்பர்க் அதன் முன்னணியில் இருந்தார். அந்த ஒரு நாள் பெருமழையில் புவி வெப்பமாதலின் தடயம் எதையும் பிரித்துக் காட்ட முடியவில்லை என்பதே அவர்களுடைய முடிவு. வங்கக் கடலின் மேற்குப் பகுதி மற்ற கடல்களைப் போலச் சூடேறாததும், காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெப்பத்தை ஓரளவு மறைத்து வைத்திருப்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மாசு குறையக் குறைய அந்த மறைப்பு விலகும் என்பதால் இது ஆறுதல் தரும் செய்தி அல்ல. ஆனாலும் 2015-இன் பழியை வானத்தின் மேல் மட்டும் போட அறிவியல் இடம் தரவில்லை.

அடுத்தது நிலம்.

தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளின் அடிப்பாறை சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போனது. அந்தக் கல்லறையிலிருந்தே பாறைக்குப் பெயரும் வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இறுகிய இந்தக் கருங்கல்லுக்குள் நீர் புகாது. மேலே சிதைந்து மக்கிய சில மீட்டர் அடுக்கிலும், கீழே உள்ள விரிசல்களிலும்தான் நீர் தங்கும். கடற்கரை மணலில் நூறு பங்கு கன அளவுக்குப் பத்து முதல் இருபது பங்கு நீரை எடுக்க முடியும் என்றால், மக்கிய பாறையில் ஒன்றிலிருந்து மூன்று பங்குதான். நிலத்தடியில் கிழக்கே இருப்பது அண்டா என்றால் மேற்கே இருப்பது சொம்பு. சொம்பு சீக்கிரம் நிரம்பும், சீக்கிரமே காலியாகும். 2015-இல் அத்தனை மழை பெய்தும் 2017 கோடைக்கு அது உதவாமல் போனதன் காரணங்களில் இதுவும் ஒன்று. அந்த ஆண்டு மாங்காடு அருகே சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் நிலைக்கு நகரம் வந்தது. நாவலூர் இந்த இரண்டு நிலங்களுக்கும் இடையே இருக்கிறது: களிமண்ணும் வண்டலும் மேலே, கடினப் பாறை கீழே, உப்புக் கழி பக்கத்தில். போர் போட்டால் ஒரு மனையில் நல்ல தண்ணீரும் பக்கத்து மனையில் உப்புத் தண்ணீரும் வருவது இப்படிப்பட்ட நிலத்தில் வியப்பே அல்ல.

கனமழை என்றால் நீர் ஓடி வீணாகும், நிலத்தடிக்குப் போகாது என்பது பொதுவான நம்பிக்கை. தென்னிந்தியாவைப் பொறுத்தவரை அது அப்படியே சரியல்ல. காந்திநகர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆகர்ஷ் அசோகா, விமல் மிஸ்ரா ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, வடமேற்கு இந்தியாவில் மென்மழையும் தென்னிந்தியாவில் கனமழையும்தான் நிலத்தடி நீர் ஊறுவதோடு அதிகம் தொடர்புடையவை என்று காட்டியது. தான்சானியாவின் மகுதபோரா கிணற்று வயலில் 55 ஆண்டுப் பதிவுகளை வைத்து ரிச்சர்ட் டெய்லர் குழுவினர் 2013-இல் கண்டதும் இதற்கு இணக்கமானது. எப்போதாவது வரும் பெருமழைப் பருவங்களே அங்கே நிலத்தடியை நிரப்புகின்றன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. வெப்பமான நாட்டில் சிறு தூறல் மேல்மண்ணை நனைத்து அப்படியே ஆவியாகிவிடும். மண் முழுதும் நனைந்து, அதற்கு மேலும் நீர் நின்றால்தான் பாறை இடுக்கு வரை இறங்கும்.

இந்தக் கண்டுபிடிப்பைச் செங்கல்பட்டு மாவட்டம் கவனமாகப் படிக்க வேண்டும். வெப்பமாகும் உலகம் மழையைக் கொத்துக் கொத்தாகக் கொட்டப் போகிறது என்றால், அது தெற்கின் நிலத்தடிக்கு நல்வாய்ப்பாகவும் அமையலாம். கொட்டுகிற நீர் சில வாரங்கள் நிற்க இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்துக்குத் தமிழகத்தில் பழைய பெயர் ஏரி.

ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்றது பழைய செங்கல்பட்டு. நாவலூரைச் சுற்றி மட்டும் தாழம்பூர், சிறுசேரி, படூர், தையூர், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம் என்று ஏரிகளின் வரிசை நீளும். தாம்பரம் பக்கத்தில் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம். மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. கடைசி ஏரியும் நிரம்பினால் நீர் பள்ளிக்கரணைக் கழுவெளிக்குப் போய்ப் பரவி நிற்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், கடல். இந்த ஏற்பாட்டின் சிறப்பு தாமதம். மேற்கே விழுந்த மழை கடலைச் சேர வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். போகிற வழியெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும்.

சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் நீர் வந்து சேரும் பள்ளிக்கரணை, 1960-களில் 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடந்தது. பிறகு குப்பைக் கிடங்கு, சாலை, ரயில் பாதை, நிறுவன வளாகங்கள், வீட்டுமனைகள் எல்லாம் வந்து அதில் பத்தில் ஒரு பங்களவே கழுவெளியாக எஞ்சியது. 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் நாட்கணக்கில் நின்ற நீர் புதிதாக எங்கிருந்தோ வந்ததல்ல. நிற்க இடம் இருந்தவரை அது கழுவெளியில் நின்றது. இடம் போனதும் வீடுகளுக்குள் வந்தது.

ஏரி நிரம்பினால்தான் ஆறு சீராக ஓடும் என்பதை அடையாறு காட்டுகிறது. சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள சிற்றாறு அது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் செம்பரம்பாக்கத்தின் உபரிநீரும்தான் அதன் ஊற்று. மழைக்காலத்தின் சில நாட்களில் அது கரையை உடைக்கும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. ஆண்டின் மற்ற நாட்களில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் கழிவுநீர்தான். இயல்பான ஆற்றில் மழை நின்ற பின்பும் நிலத்தடி நீர் கசிந்து ஓட்டத்தைக் காத்துக்கொண்டிருக்கும். நிலத்தடி மட்டம் ஆற்றின் படுகைக்குக் கீழே போய்விட்டால் கசிவு நின்றுவிடுகிறது. ஆற்று ஓட்டமும் கிணற்று நீரும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல என்பதை அரசுத் துறைகளின் பிரிவினை மறைத்துவிடுகிறது.

பாலாற்றின் கதை இன்னும் கசப்பானது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, வாயலூர் அருகே கடலில் கலக்கும் அது, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். ஆனால் அந்த மணலுக்கு அடியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. படுகையில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் தாம்பரம் பல பத்தாண்டுகளாகக் குடிநீர் பெறுகிறது. மணல் அள்ள அள்ள அந்தச் சேமிப்பு மெலிந்தது. ஓடாத ஆறு என்று எழுதி வைக்கப்பட்ட அதே பாலாற்றில் 2021 நவம்பரில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. பல தலைமுறையினர் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. மணல் அள்ளப்படாமல் இருந்திருந்தால் அந்த வெள்ளத்தில் இன்னும் கணிசமான பங்கு படுகைக்குள்ளேயே தங்கியிருக்கும்.

சென்னைக்கு வரும் வெளியூர் நீரும் இதே பருவக் காற்றுகளின் பிடியில்தான் இருக்கிறது. 1983 ஒப்பந்தப்படி கண்டலேறிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும், 2004 முதல் வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் வரும் காவிரி நீரும் மழையால் மட்டுமே பிறப்பவை. கங்கையைப் போலப் பனிமலை பின்னால் இல்லை. அந்தப் பனியும் நிலையானதல்ல: இந்துகுஷ் இமயமலையின் பனிப்பாறைகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டு முடிவுக்குள் கரைந்துவிடும், உலகம் வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும்கூட, என்று மலைப்பகுதி மேம்பாட்டு மையமான இசிமோட்டின் 2019 அறிக்கை சொன்னது. தெற்கில் கரையப் பனி இல்லை. தென்மேற்கும் வடகிழக்கும் அடுத்தடுத்துப் பொய்த்தால் கைகொடுக்க ஏரியும் நிலத்தடியும் மட்டுமே உண்டு.

நாவலூருக்குக் கிழக்குப் பக்கத்திலிருந்தும் ஒரு கவலை. கடலோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீரை அது அழுத்தி வைத்திருக்கும். இது 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியக் கடற்கரைகளில் கண்டறியப்பட்ட கணக்கு. மேலே ஒரு மீட்டர் உறிஞ்சிவிட்டால் கீழே நாற்பது மீட்டர் பாதுகாப்பு போய்விடும். வடசென்னைக்கு அப்பால் மீஞ்சூரில் இது நடந்து முடிந்துவிட்டது. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் இறைத்ததில், 1969-இல் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உவர்நீர் 1980-களில் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. அப்போது கடல் மட்ட உயர்வு பெரிய செய்தியே அல்ல. இப்போது வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் ஏறுகிறது. மோட்டார் செய்த வேலையைக் கடலும் சேர்ந்து செய்யத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் இரண்டில் விரைவானது மோட்டார்தான், நிறுத்தக்கூடியதும் அதுவே.

அரசின் பெரிய பதில் கடல்நீரைக் குடிநீராக்குவது. நெம்மேலியில் 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் இன்னொரு 15 கோடி லிட்டர், பேரூரில் 40 கோடி லிட்டருக்கான கட்டுமானம். தென்சென்னையின் லட்சக்கணக்கானோர் இந்த நீரைத்தான் குடிக்கிறார்கள். 2019-ஐ நினைத்துப் பார்த்தால் அதன் தேவையை யாரும் மறுக்க மாட்டார்கள். விலை வேறிடத்தில் கட்டப்படுகிறது. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வரும்வரை வறட்சிக்கான மருந்தே வெப்பத்துக்கும் காரணமாகிறது. அடர் உப்புக் கழிவு திரும்பக் கடலுக்குப் போகிறது. அதைப் பற்றி நெம்மேலி மீனவர்கள் எழுப்பிய கேள்விகள் இன்னும் தீரவில்லை.

சிறிய பதில்களின் வரலாறு நம்பிக்கை தருகிறது. 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் அவ்வளவு தீவிரமாக அதைச் செய்ததில்லை. அடுத்து நல்ல மழை பெய்தபோது சென்னைக் கிணறுகளில் நீர் மட்டம் ஏறியது. பெசன்ட் நகர்ப் பக்கத்து மணலில் அதை வீடு வீடாகச் சொல்லிவந்த சேகர் ராகவனும் அவருடைய மழை மையமும் இந்த மாற்றத்தில் மறக்கக்கூடாத பெயர்கள். ஆனால் மணலில் பலித்த உறிஞ்சுகுழி களிமண்ணில் அப்படியே பலிக்காது. நாவலூர் போன்ற இடத்தில் களிமண் அடுக்கைத் தாண்டி மக்கிய பாறை வரை நீரை இறக்க வேண்டும், அதற்கு முன் வண்டலை வடிகட்ட வேண்டும். குழாய் ஒன்றைச் சுவரில் இறக்கிவிட்டுச் சான்றிதழ் வாங்கும் பழக்கம் இதைச் செய்யாது.

செம்பாக்கம் ஏரியை நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து மீட்டெடுத்திருக்கின்றன. சிட்லப்பாக்கம் ஏரிக்காக ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி அரசைத் தூர்வாரச் செய்தார்கள். இரண்டு இடத்திலும் கடினமாக இருந்தது மண் அள்ளுவது அல்ல, கழிவுநீரை உள்ளே வராமல் தடுப்பதும் வரத்துக் கால்வாயை மீட்பதும்தான். வரத்து இல்லாத ஏரியில் நடைபாதையும் விளக்கும் போட்டால் அது பூங்காவாகும். கிணற்றுக்கு நீர் ஊறாது. இதற்கு நேர்மாறான போக்கும் கூடவே நடக்கிறது. கோவளம் வடிநிலத்துக்கான மழைநீர் வடிகால் திட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் மணல் பகுதிக்கு வந்தபோது, தானாகவே நீரை உறிஞ்சும் மணலில் கான்கிரீட் வடிகால் எதற்கு என்று அங்குள்ளவர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. வடிகால் நீரை விரைவாக வெளியேற்றும். தெற்குப் புறநகருக்குத் தேவை, வெள்ளம் வராத அளவுக்கு விரைவும், ஊறும் அளவுக்குத் தாமதமும்.

இப்போது எல்லோருடைய கவனமும் கோவளம் பக்கம் திரும்பியிருக்கிறது. திருப்போரூருக்கும் கோவளத்துக்கும் இடையே, கழிமுகப் பகுதியில் சுமார் 1.6 டி.எம்.சி. நீரைத் தேக்கும் புதிய நீர்த்தேக்கத்தைத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. கடலுக்கு ஓடும் மழைநீரைப் பிடிக்கும் எண்ணம் சரியானது. ஆனால் அந்த இடம் காலியாகக் கிடக்கும் நிலம் அல்ல. கடலின் ஏற்ற இறக்கத்தோடு உவர்நீர் வந்து போகும் இடம் அது. இறால், நண்டு, மீன் பிடித்து வாழும் ஊர்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. மேலே உள்ள தையூர், சிறுசேரி, தாழம்பூர், நாவலூர் ஏரிகளின் முழுக் கொள்ளளவை மீட்டால் எவ்வளவு நீர் நிற்கும், அதில் எவ்வளவு நிலத்தடிக்கு இறங்கும் என்ற கணக்கு இந்தத் திட்டத்தின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கப்பட வேண்டும். அந்த ஏரிகளின் கலங்கல் உயரமும் வரத்துக் கால்வாய்களின் புல எண்களும் வருவாய்த் துறைப் பதிவேடுகளில் இருக்கின்றன. ராஜீவ் காந்தி சாலை நெடுகப் போர்களில் மீட்டரும், ஊருக்கு ஓரிரண்டு கண்காணிப்புக் கிணறும் வைத்து, மட்டமும் உப்பின் அளவும் மாதந்தோறும் ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டப்பட்டால், அடுத்த பெருமழை எவ்வளவு தங்கியது என்பதை நாவலூர் மக்கள் லாரிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.